போதும் என்கிற அளவு

அக்கா மகளுக்கு பி.காம். சீட் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினாள்: “மாமா, 8 ஜிபி போதுமா, 16 வாங்கணுமா?” கூடவே இரண்டு லேப்டாப் படங்கள். திரை, பிராசசர், நிறம் எல்லாம் ஒன்றே. ரேம் மட்டும் வேறு. விலையில் சில ஆயிரங்கள் வித்தியாசம். அக்கா வீட்டுக் கணக்கில் அந்தச் சில ஆயிரம் என்பது ஒரு செமஸ்டருக்கான பஸ் செலவும் புத்தகச் செலவும்.

மென்பொருள் எழுதித்தான் நான் சம்பாதிக்கிறேன். கேட்டவுடன் பதில் சொல்லியிருக்க வேண்டும். “பாத்துட்டு சொல்றேன் பாப்பா” என்று அனுப்பிவிட்டு இரண்டு நாள் இழுத்தடித்தேன். அதற்குள் அக்காவே ஃபோன் செய்தாள். “அண்ணன்காரனுக்கு கவர்மெண்ட்ல குடுத்தது இருக்கேடா. நல்லாத்தானே இருக்கு. அது ஏன் பத்தாது?”

நல்லாத்தான் இருக்கிறது. மருமகன் ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். 4 ஜிபி ரேம். கீபோர்டில் இரண்டு எழுத்து தேய்ந்துபோனது தவிரப் பெரிய குறை இல்லை. ஆன் ஆகிறது, படம் ஓடுகிறது. ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்து, ஆன்லைன் வகுப்பையும் ஓடவிட்டால் மவுஸ் நகர மறுக்கிறது. வந்த நாளில் இருந்த அதே 4 ஜிபிதான் இன்றும் இருக்கிறது. ஒரு பைட்கூடக் குறையவில்லை. அன்று போதுமானதாக இருந்தது இன்று ஏன் போதவில்லை?

பாப்பாவின் கேள்விக்கு ஒரு எண் போதும். அக்காவின் கேள்விக்கு எழுபத்தைந்து வருட வரலாறு வேண்டியிருக்கிறது.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் “512 ஜிபி மெமரி சார்” என்பார்கள். அது சேமிப்பிடம். நாம் பேசுவது ரேம். சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் வருடத்துக்கான புளியும் மிளகாயும் அடுக்கியிருக்கும். அடுப்பு மேடையில் இந்த வேளைச் சமையலுக்கு வேண்டியது மட்டும் இருக்கும். பரண் எவ்வளவு பெரிதானாலும் சமைப்பது மேடையில்தான். பரண் என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. மேடைதான் ரேம்.

மேடையில் இடம் தீர்ந்தால் என்ன ஆகும்? இருப்பதில் ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு வேண்டியதை இறக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம்தான் விஷயம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கத் தோராயமாக 100 நானோவினாடி ஆகிறது. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் லட்சம் மடங்கு. மேடையிலிருக்கும் கடுகை எடுக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி பரணிலிருந்து இறக்கப் பதினேழு நிமிடம். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கும் மேல்; ஊருக்குப் போய்க் கடுகு வாங்கிவருகிற மாதிரி. மருமகனின் லேப்டாப்பில் இருப்பது ஹார்ட் டிஸ்க். மவுஸ் நகராமல் நிற்கிற அந்த நேரத்தில் அது கடுகு வாங்க ஊருக்குப் போயிருக்கிறது.

*

1948ஆம் ஆண்டு ஜூன் 21. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் மூவரும் உருவாக்கிய ஒரு சோதனைக் கணினி முதல் முறையாகத் தன் நிரலைச் சரியாக ஓட்டி முடித்தது. அதைப் ‘பேபி’ என்று அழைத்தார்கள். நிரலையும் தரவையும் ஒரே மின்னணு நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடிய முதல் கணினி அது. இன்று உங்கள் பையில் இருக்கும் ஃபோன் வரைக்கும் அந்த ஏற்பாடுதான்.

பேபியின் நினைவகம் ஒரு கேதோடு கதிர்க் குழாய். பழைய டிவிப் பெட்டிக்குள் இருக்குமே, அந்த வகை. குழாயின் முகத்தில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தகவலை எழுதினார்கள். வரிசைக்கு 32 புள்ளி, 32 வரிசை. மொத்தம் 1,024 பிட். அதாவது 128 பைட். புள்ளிகள் ஒரு நொடிகூடத் தாங்காமல் மங்கிவிடும் என்பதால், மங்குவதற்குள் படித்து, திரும்ப அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

128 பைட் எவ்வளவு என்று பார்க்க, பாப்பா அனுப்பிய வரியை எண்ணிப் பார்த்தேன். இன்றைய இணையத்தில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘மா’வில் ம ஒன்று, கால் ஒன்று, ஆக ஆறு பைட். இடைவெளி, எண், காற்புள்ளி எல்லாம் ஒவ்வொரு பைட். கூட்டினால் அவள் கேள்வி சரியாக 80 பைட். பேபியில் அவள் கேள்வியை வைத்தால் பதிலுக்கு 48 பைட் மிஞ்சும். நிரலுக்கு இடமே இருக்காது.

அன்று கில்பர்ன் அதில் ஓட்டியது 17 கட்டளைகள் கொண்ட நிரல். 2 இன் 18ஆம் அடுக்குக்கு மிகப் பெரிய காரணியைக் கண்டுபிடிக்கும் வேலை. 52 நிமிடம் எடுத்தது. நினைவகம் எவ்வளவு போதும் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் போதும். கணக்கு அதற்குள் அடங்கியாக வேண்டும்.

*

அடுத்த இருபது வருடம் ஆண்டது காந்த வளையங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிய ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்து, ஒவ்வொரு வளையத்தின் காந்தத் திசையையும் ஒரு பிட்டாகக் கொண்டார்கள். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழு 1953இல் வேர்ல்விண்ட் கணினியில் இதைப் பொருத்தியது. ‘கோர்’ என்று பெயர். கம்பி கோத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கைவேலை. நிரல் செத்து விழும்போது அதன் நினைவகத்தைக் கோப்பாகக் கொட்டுவதை இன்றும் நாங்கள் ‘கோர் டம்ப்’ என்கிறோம். அந்த வளையத்தைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை.

நிலவுக்குப் போன அப்போலோ வழிகாட்டிக் கணினியும் கோர் நினைவகத்தால் ஆனதுதான். எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 4 கேபி. இந்தக் கட்டுரையின் முதல் சில பத்திகளை வைத்தால் நிறைந்துவிடும். நிரல் இருந்தது வேறு இடத்தில்: 36,864 சொற்கள் கொண்ட, அழிக்க முடியாத கயிற்று நினைவகம். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் அதை நெய்தார்கள். நெய்து முடித்த பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி தறிக்குத்தான் போக வேண்டும்.

1969 ஜூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அந்த எண்ணுக்கு அர்த்தம் ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்க வேண்டிய சிறு நினைவகத் துண்டுகள் தீர்ந்துவிட்டன. மேடையில் இடம் இல்லை. அந்த நேரத்துக்குத் தேவைப்படாத சந்திப்பு ரேடார் ஒன்று வீண் சமிக்ஞைகளை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் முடியாமல் குவிந்தன.

என் லேப்டாப் என்றால் இந்த இடத்தில் உறைந்து நின்றிருக்கும். அப்போலோ கணினி உறையவில்லை. நினைவகம் தீர்ந்துபோகலாம் என்று எதிர்பார்த்தே அதை எழுதியிருந்தார்கள். முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, இறங்குவதற்கு அவசியமானதை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஹூஸ்டனில் இருந்த ஜாக் கார்மனுக்கு வயது 24. அந்த எச்சரிக்கை எண்களுக்கான அர்த்தங்களை முன்பே கையால் எழுதிவைத்திருந்தார். தொடரலாம் என்றார். தொடர்ந்தார்கள்.

சாதனைக் கதையாக இதைப் பலமுறை படித்திருக்கிறேன். இப்போது வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. 4 கேபி போதவில்லை என்றால் அன்று அது எழுதியவர்களின் பிரச்சினை. கூடுதல் ரேம் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆம்ஸ்ட்ராங்கிடம் சொல்ல முடியாது. போதாமையின் பாரம் முழுவதும் பொறியாளர் தலையில் இருந்தது.

*

அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்ததும் மான்செஸ்டர்தான். 1962இல் கில்பர்ன் தலைமையில் உருவான அட்லஸ் கணினியில் கோர் நினைவகம் 16 ஆயிரம் சொற்கள்தான். ஆனால் சுழலும் காந்த உருளை ஒன்றில் 96 ஆயிரம் சொற்களுக்கு இடம் இருந்தது. இரண்டையும் ஒரே நினைவகம் போல நிரலுக்குக் காட்டினார்கள். நிரல் தனக்குப் பெரிய இடம் இருப்பதாக நம்பி ஓடும். அடியில் கணினியே 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக உருளைக்கும் கோருக்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். மெய்நிகர் நினைவகம் என்று இன்று சொல்வது இதுதான். அதுவரை ஒவ்வொரு நிரலாளரும் எதை எப்போது ஏற்றுவது என்று கையால் திட்டமிட்டார்கள். அந்தத் தலைவலி போனது.

ஒரு நன்மைக்காகச் சொன்ன பொய் இது. எல்லாப் பொய்களையும்போல இதற்கும் ஒரு எல்லை இருந்தது. ஒரே நேரத்தில் நிறைய நிரல்கள் ஓடினால், கணினி வேலையை விட்டுவிட்டு ஏற்றி இறக்குவதையே முழுநேரத் தொழிலாகச் செய்ய ஆரம்பித்தது. 1968இல் பீட்டர் டென்னிங் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஒரு நிரல் தனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் எப்போதும் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட நேர இடைவெளிக்குள் சில பக்கங்களை மட்டுமே திரும்பத் திரும்பத் தொடுகிறது. அதற்கு ‘வேலைத் தொகுதி’ என்ற பொருளில் பெயர் வைத்தார். ஓடும் நிரல்களின் வேலைத் தொகுதிகள் அனைத்தும் ரேமில் அடங்கினால் எல்லாம் சுகம். கொஞ்சம் மிஞ்சினாலும் சரிவு படிப்படியாக வராது, மொத்தமாக வரும்.

எவ்வளவு ரேம் போதும் என்ற கேள்விக்கு நான் அறிந்த மிக நேர்மையான பதில் இன்றும் டென்னிங் சொன்னதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘80 சதவீதம் நிரம்பிவிட்டது’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நிரம்பியிருப்பது தவறில்லை. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை என்பதால், திரும்பத் தேவைப்படலாம் என்று நினைப்பதையெல்லாம் இயங்குதளமே அங்கே எடுத்துவைத்துக்கொள்ளும். ஒரே சமயத்தில் நீங்கள் தொடுகிறவை அடங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. அடங்கும்வரை 8க்கும் 16க்கும் வித்தியாசமே தெரியாது. அடங்காத அந்த நிமிடத்தில் எல்லாமே நின்றுவிடும். நான்காவது டேப் வரை ஓடிய மருமகனின் லேப்டாப் ஐந்தாவதில் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

*

1966இல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பிட்டைச் சேமிக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. குறை என்னவென்றால் மின்தேக்கி ஒழுகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் வைத்த கதை. அதனால் மங்குவதற்குள் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பேபியின் அதே வித்தை. 1968இல் காப்புரிமை கிடைத்தது. டிரேம் என்று பெயர். இன்று உலகத்தின் லேப்டாப்களிலும் ஃபோன்களிலும் இருப்பது அதுதான். இப்போது நீங்கள் வாசிக்கும் இந்த வரியும் உங்கள் கருவியில் நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் மறக்கப் போய், நினைவூட்டப்பட்டு, நிற்கிறது.

1970இல் இன்டெல் 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 1,024 பிட். 22 வருடங்களுக்கு முன் ஒரு அறையை அடைத்த பேபியின் மொத்த நினைவகமும் இப்போது ஒரு விரல்நகத்தளவு சிலிக்கானில். அதற்குப் பிறகு சில்லின் கொள்ளளவு நான்கு நான்கு மடங்காக ஏறியது, விலை சரிந்தது. போட்டி எவ்வளவு கடுமையானதென்றால், ஜப்பானிய நிறுவனங்களோடு ஈடுகொடுக்க முடியாமல் இன்டெல்லே 1985இல் டிரேம் தொழிலை விட்டு வெளியேறியது. பிறகு கொரிய நிறுவனங்கள் எழுந்தன. பாப்பா பார்த்துவைத்திருக்கும் 16 ஜிபி லேப்டாப்பில் 13 கோடியே 42 லட்சம் பேபிகளின் நினைவகம் இருக்கிறது.

விலை சரிந்ததும் பாரம் இடம் மாறத் தொடங்கியது.

*

‘640 கேபி யாருக்கும் போதும்’ என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. தான் சொல்லவேயில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். சொன்னதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த எண் உண்மை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 பிராசசரால் 1 எம்பி வரைதான் முகவரியிட முடியும். அதில் 384 கேபியைத் திரைக்கும் பிற வன்பொருளுக்கும் ஒதுக்கிவிட்டு மீதி 640ஐ நிரல்களுக்கு விட்டார்கள். அந்த பிசியே ஆரம்பத்தில் 16 கேபியோடு விற்பனைக்கு வந்தது. 640 அன்று பெரிய மைதானம். பத்து வருடத்துக்குள் அந்த வேலியைத் தாண்டுவதற்கென்றே தனி மென்பொருள்கள் விற்றன.

அதற்குப் பிறகான கதையை விண்டோஸ் பெட்டிகளின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்களிலேயே சொல்லிவிடலாம். குறைந்தபட்ச ரேம்: விண்டோஸ் 95க்கு 4 எம்பி. 2001இல் எக்ஸ்பிக்கு 64 எம்பி. 2009இல் விண்டோஸ் 7க்கு 1 ஜிபி. 2021இல் விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் மடங்கு. கடிதம் டைப் செய்வது, கணக்கு போடுவது, மின்னஞ்சல் பார்ப்பது, படம் பார்ப்பது; அன்றாட வேலைகளின் பட்டியல் ஆயிரம் மடங்கு நீளவில்லை.

1995இலேயே நிக்லாஸ் விர்த் இதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அவர் வாதம். எடுத்துக்காட்டாக, முன்பு 8,000 பைட்டில் ஓடிய உரைத்திருத்தி இப்போது நூறு மடங்கு கேட்கிறது என்றார். அவர் நொந்துகொண்ட அந்த எண்ணூறு கேபியை இன்று ஒரு இணையப் பக்கத்தின் மேலே ஓடும் விளம்பரப் படம் எடுத்துக்கொள்ளும்.

விர்த் சொன்னதைக் கேட்டதும் தலையாட்டிவிடத் தோன்றும். நானும் பல வருடம் ஆட்டினேன். ஆனால் கணக்கை வரிவரியாகப் பார்த்தால் எல்லாவற்றையும் வீக்கம் என்று தள்ள முடியவில்லை.

முதல் வரி, நம் எழுத்து. விர்த்தின் 8,000 பைட் திருத்தியில் தமிழ் கிடையாது. விண்டோஸ் 95 காலத்தில் தமிழில் எழுத ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறிமுறை. ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் கட்டம்கட்டமாகத் தெரியும். விண்டோஸ் 2000 வந்தபோதுதான் யூனிகோடு தமிழ் இயங்குதளத்துக்குள்ளேயே குடிவந்தது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பை முன்னால் நகர்த்தி, காலைப் பின்னால் வைத்து, நடுவில் ககரத்தை உட்காரவைக்க ஒரு தனி இயந்திரம் ஓட வேண்டும். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் நமக்கு மூன்று. அந்தக் கூடுதல் நினைவகத்தில் ஒரு பங்கு, என்னை உள்ளே விட்டதற்கான செலவு.

இரண்டாவது வரி, பாதுகாப்பு. 2008இல் வந்த குரோம் பிரவுசர், டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. ஒன்று செத்தால் மற்றவை பிழைக்கும். 2018இல் பிராசசர்களில் ஸ்பெக்டர் என்ற ஓட்டை தெரியவந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப்பார்க்காமலிருக்க இன்னும் கறாராகப் பிரித்தார்கள். அதனால் 10 முதல் 13 சதவீதம்வரை நினைவகம் கூடுதலாகும் என்று அந்தக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது. உங்கள் வங்கி டேப்பைப் பக்கத்து டேப்பிலிருந்து காப்பதற்கான செலவு இது. இதையும் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வரியில்தான் நான் வருகிறேன். ஒரு மென்பொருளை விண்டோஸுக்கும் மேக்குக்கும் லினக்ஸுக்கும் தனித்தனியாக எழுத மூன்று குழு வேண்டும். அதற்குப் பதில் ஒரே இணையப் பக்கமாக எழுதி, ஒரு முழு பிரவுசரையே கூடவே பொட்டலம் கட்டி அனுப்பிவிடலாம். 2013 முதல் எலக்ட்ரான் போன்ற கருவிகள் இதை எளிதாக்கின. அரட்டைக்கு ஒரு பிரவுசர், குறிப்பெடுக்க ஒரு பிரவுசர், இசைக்கு ஒரு பிரவுசர். வெளிப்பார்வைக்கு வேறு வேறு செயலிகள். உள்ளே ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். நிறுவனத்துக்கு இரண்டு குழுவின் சம்பளம் மிச்சம். அந்த மிச்சத்தின் விலை ஒவ்வொரு பயனர் வீட்டு ரேமிலும் கொஞ்சம் கொஞ்சமாக வசூலாகிறது. எந்த பில்லிலும் அது தெரியாது.

*

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் அப்படி ஒரு வசூலை நானே செய்தேன். ஒரு சிறிய ஊரின் மொத்த வியாபாரக் கடையிலிருந்து புகார் வந்தது. மதியத்துக்கு மேல் ‘ஹேங்’ ஆகிறதாம். என் 32 ஜிபி கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. ‘எங்களிடம் பிரச்சினை இல்லை’ என்று எழுதி மூடினேன். மறுபடி திறந்தார்கள். மறுபடி மூடினேன். மூன்றாவது முறை அந்தக் கடையில் கணக்கு எழுதும் அம்மாவே ஃபோனில் வந்தார். “தம்பி, காலையில ஓடுது. பில்லு ஏற ஏற நிக்குது. நான் மதியத்துக்கு மேல நோட்டுல எழுதி வச்சுட்டு ராத்திரி வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஏத்துறேன். தினமும் ஒரு மணி நேரம் லேட்டாகுது.”

அவரிடம் இருந்தது 4 ஜிபி. நான் எழுதிய நிரல் திரையில் ஐம்பது பில்லைக் காட்டுவதற்காக அந்த வருடத்தின் எல்லா பில்லையும் நினைவகத்தில் ஏற்றிவைத்திருந்தது. ஒவ்வொரு புதுப் பில்லுக்கும் பழைய நகலை விடாமல் பிடித்துக்கொண்டு புது நகல் எடுத்தது. திருத்த இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளை நான் முதலில் செலவழிக்காததால் அந்த அம்மா எத்தனை மாதம், தினம் ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்போலோ குழுவுக்கு நினைவகத் தட்டுப்பாடு தங்கள் மேசைமேலேயே இருந்தது. எனக்கு அது இருநூறு கிலோமீட்டர் தள்ளி, நான் பார்க்காத ஒரு கடையில் இருந்தது. அக்காவின் கேள்விக்கு என் பதில் இதுதான். லேப்டாப் பழசாகவில்லை. எங்களைப் போன்றவர்களின் கணினிகளில் மேடை பெரிதாகப் பெரிதாக, எல்லோர் வீட்டு மேடையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டோம்.

*

முன்பெல்லாம் இதற்கு ஒரு மலிவான பரிகாரம் இருந்தது. கல்லூரிக் காலத்தில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பேரம் பேசி, 512 எம்பி ரேம் ஒன்றை வாங்கி வந்து ஸ்லாட்டில் அழுத்தினால் பழைய கணினி எழுந்து உட்காரும். ஆன் ஆகாவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவோம். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

2008இல் ஆப்பிளின் முதல் மேக்புக் ஏர் காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டப்பட்டபோது, அதன் 2 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. மெலிதாக வேண்டுமென்றால் ஸ்லாட்டுக்கு இடம் இல்லை. 2020இல் அதே நிறுவனத்தின் எம்1 சில்லில் ரேம் பிராசசரின் பொதிக்குள்ளேயே போய்விட்டது. வேகமும் பேட்டரி ஆயுளும் கூடுகின்றன, உண்மைதான். ஆனால் பற்றவைத்த ரேம் என்றால் வாங்கும் நாளில் எடுக்கிற முடிவு அந்த லேப்டாப்பின் ஆயுள் முழுக்க மாறாது. பாப்பா பார்த்த இரண்டுமே அந்த வகை.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கான கோபைலட் பிளஸ் கணினிகளை அறிவித்தபோது குறைந்தபட்சம் 16 ஜிபி என்றது. அதே வருடம் அக்டோபரில் ஆப்பிளும் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8இலிருந்து 16க்கு உயர்த்தியது. ‘போதும்’ என்கிற கோடு இரட்டிப்பானது. அடுத்த வருடக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில் ரேம் விலை வேகமாக ஏறியது. உலகத்தின் டிரேமில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான் செய்கின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. தேவை இரட்டிப்பாகும் நேரத்தில் விலையும் ஏறுகிறது. எழுதுகிறவர்கள் பெரிய மேடையிலேயே சமைத்துக்கொண்டிருந்தால், வித்தியாசத்தைக் கட்டப்போவது அக்காதான்.

*

பாப்பாவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது இது. டேலி கற்றுக்கொள்ள, வேர்டில் அசைன்மெண்ட் எழுத, எக்செல் போட, வகுப்புக் காணொளி பார்க்க, பத்துப் பதினைந்து டேப் திறக்க இன்று 8 ஜிபி போதும். நிஜமாகவே போதும். ரேம் ஸ்லாட் இருக்கிற லேப்டாப் என்றால் 8 வாங்கிக்கொள், மூன்றாம் வருடம் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன். பற்றவைத்தது என்பதால், நான்கைந்து வருடம் ஓட வேண்டும் என்பதால், “16 வாங்கு பாப்பா” என்று அனுப்பினேன். எண்ணிப் பார்த்தேன், 40 பைட். கேள்வியும் பதிலும் சேர்த்து 120. பேபியில் வைத்தால் இன்னும் 8 பைட் மிச்சம். வித்தியாசப் பணத்தில் பாதியை நான் தருவதாக அக்காவிடம் சொன்னேன். “ஏன்டா?” என்றாள். சும்மாதான் என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில், நாங்கள் எழுதுவதைச் சோதிக்க 4 ஜிபி லேப்டாப் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். வன்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர் சிரித்தார். “அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயி வருஷமாச்சு சார். இப்ப இருக்கறதுலயே சின்னது 16.”

மருமகனிடம் பேசினேன். போன வாரம் பார்சல் சர்வீஸில் வந்து சேர்ந்தது, போர்வையில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதி. மூடியில் இருந்த ஸ்டிக்கர்களை உரிக்கவில்லை. இப்போது என் மேசையில் 32 ஜிபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மென்பொருளின் முதல் பக்கம் என் கணினியில் ஒரு வினாடிக்குள் திறக்கும். இதில் 41 வினாடி ஆனது. அந்த எண்ணை ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். நேற்று 33.